கயாக் சாயும்போது தலையைத் தூக்காதீர்கள்! - தண்ணீரில் விழாமல் காக்கும் ‘லோ பிரேஸ்’

கோடை விடுமுறை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு குடும்பம் காரில் போய்க்கொண்டிருக்கிறது. முட்டுக்காடு பாலம் வந்ததும் பின்சீட்டிலிருந்து குரல் வருகிறது. “அப்பா, நாமளும் கயாக்ல போலாம்ப்பா!” அடுத்த அரை மணி நேரத்தில் எல்லோரும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டில் இருக்கிறார்கள். கையில் இரண்டு பக்கமும் துடுப்பு விரிந்த ஒரு நீளக் கம்பு. கரையில் நின்றபடி அம்மா வீடியோ எடுக்கிறார்.

அப்பா உட்காருகிறார். கயாக் லேசாக வலப்பக்கம் சாய்கிறது. ‘ஐயோ’ என்று தலையைச் சட்டென்று இடப்பக்கம் இழுத்து, ஒரு கையால் படகின் விளிம்பைப் பிடிக்கிறார். அவ்வளவுதான். ‘தொபுக்!’

இப்படி ஒரு காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒருவேளை அந்த அப்பா நீங்களாகவும் இருந்திருக்கலாம். இடுப்பளவு தண்ணீரில் விழுந்து எழுந்தால் அது சிரிப்பு வீடியோ. அதுவே ஆழமான உப்பங்கழியிலோ, கடலிலோ, காற்று வீசும் நேரத்திலோ நடந்தால் சிரிக்க முடியாது.

இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த அப்பாவைக் கவிழ்த்தது அலை இல்லை. அவருடைய தலை!

சாய்வது வேறு, கவிழ்வது வேறு

கயாக் குறுகலான படகு. அதில் உட்காருபவரின் எடைதான் பெரும்பாலும் படகின் எடையைவிட அதிகம். அதனால் படகு எப்படி நடந்துகொள்ளும் என்பதை உட்கார்ந்திருப்பவரின் உடல்தான் முடிவு செய்கிறது. நாம் அசைந்தால் அதுவும் அசையும். இது கயாக்கின் குறை அல்ல, அதன் குணம்.

கயாக் சாய்வதில் ஆபத்து இல்லை. படகு மட்டும் சாய்ந்து, நம் உடலின் எடை படகுக்கு மேலேயே இருந்தால், அது எவ்வளவு ஆடினாலும் மிதக்கும். உடலின் எடை படகைத் தாண்டி வெளியே போகும்போதுதான் கவிழ்கிறது. அதனால் கயாக் கற்றுத்தருபவர்கள் முதல் நாளே சொல்வது இதுதான்: “இடுப்பை இறுக்கிப் பிடிக்காதீங்க. படகு ஆடட்டும், நீங்க ஆடாதீங்க.”

ஆனால், பயம் வந்தால் உடல் முழுக்க விறைத்துவிடும். இடுப்பு இறுகும்போது படகும் உடலும் ஒரே கட்டையாகிவிடுகின்றன. படகு சாயும்போது ஆளும் சேர்ந்து சாய்கிறார். அப்போது ‘தண்ணீரில் முகம் படக்கூடாது’ என்று மூளை போடும் முதல் உத்தரவு, ‘தலையைத் தூக்கு!’ என்பதுதான்.

அந்த உத்தரவு ஏன் தப்பு என்பதை வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தே தெரிந்துகொள்ளலாம். இப்போதே முயன்று பாருங்கள்.

நிமிர்ந்து உட்காருங்கள். வலது காதை வலது தோளை நோக்கிச் சாய்த்து, வலது இடுப்பை நாற்காலியிலிருந்து லேசாகத் தூக்குங்கள். எளிதாக வருகிறது இல்லையா? இப்போது தலையை நன்றாக இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு, அதே வலது இடுப்பைத் தூக்கிப் பாருங்கள். சிரமமாக இருக்கும். வலது இடுப்பு நாற்காலியை இன்னும் அழுத்துவதையும் உணர்வீர்கள்.

கயாக்கிலும் அதேதான். வலப்பக்கம் சாயும்போது தலையை இடப்பக்கம் தூக்கினால், வலது இடுப்பு படகை இன்னும் கீழே அழுத்துகிறது. ‘தப்பிக்கிறேன்’ என்று நினைத்து நாமே நம் படகைக் கவிழ்க்கிறோம். தலையை விழும் பக்கமே விட்டால், அந்தப் பக்கத்து இடுப்பு மேலே எழும்பி, படகை நேராக்குகிறது.

கேட்க விசித்திரமாக இருக்கும். தண்ணீரை நோக்கித் தலையைக் கொடுத்தால்தான் தண்ணீரில் விழாமல் இருக்க முடியும்!

பரிசலும் கட்டுமரமும் சொல்லும் பாடம்

படகின் சமநிலை நமக்குப் புதிதல்ல. ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்களுக்கு நினைவிருக்கும். பரிசல் ஓட்டுபவர் எல்லோரையும் சுற்றிலும் சமமாக உட்காரவைப்பார். யாராவது போட்டோ எடுக்க எழுந்தால் போதும், அதட்டல் விழும். எடை கீழே இருக்க வேண்டும், எல்லாப் பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பதுதான் அந்த அதட்டலுக்குப் பின்னால் இருக்கும் அறிவியல்.

நம் கட்டுமரம் அதைவிட ஒரு படி மேலே. மரக்கட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிய அதற்கு உள்ளறை கிடையாது. அதனால் தண்ணீர் நிரம்பி மூழ்கும் பேச்சுக்கே இடமில்லை. அலையில் புரண்டாலும் மிதந்துகொண்டிருக்கும், திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ என்று சொல்கிறார்களே, அந்தச் சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான்.

இன்று நம் சுற்றுலாத் தலங்களில் வாடகைக்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் கயாக்குகளில் பெரும்பாலானவை ஒருவகையில் கட்டுமரத்தின் தம்பிகள். அவற்றின் மேலே உட்கார வேண்டும், உள்ளே நுழைய வேண்டியதில்லை. இவற்றை ‘சிட்-ஆன்-டாப்’ கயாக் என்கிறார்கள். அகலமானவை, எளிதில் கவிழாதவை. கவிழ்ந்தாலும் ஆள் உள்ளே மாட்டிக்கொள்வதில்லை. கால்களை உள்ளே நீட்டி உட்காரும் கயாக் இன்னொரு வகை. அது குறுகலானது, வேகமானது. அதில் ஏறுபவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி கட்டாயம் தேவை.

கவிழ்ந்தால் உயிர் போகும் ஊரில் பிறந்த வித்தை

கயாக்கின் தாய்வீடு பனிப்பிரதேசம். கிரீன்லாந்து உள்ளிட்ட ஆர்க்டிக் பகுதிகளில் வாழும் இன்யூட் மக்கள், கடலில் சீல் வேட்டையாட உருவாக்கிய படகு அது. அவர்கள் மொழியில் ‘கஜாக்’. மரம் வளராத அந்த நிலத்தில், கடல் அடித்துக்கொண்டுவந்து போடும் மரத்துண்டுகளால் சட்டம் செய்து, அதன் மேல் சீல் தோலைப் போர்த்தித் தைப்பார்கள். தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதுபோல, ஓட்டப்போகிறவரின் உடல் அளவுக்குத்தான் படகையே செய்வார்கள்.

அங்கே கவிழ்ந்தால் நீந்திக் கரையேறலாம் என்பது நடக்காத காரியம். உறைபனிக்கு நெருக்கமான தண்ணீரில் கைகால்கள் சில நிமிடங்களிலேயே செயலிழக்கத் தொடங்கிவிடும். அதனால், படகைவிட்டு வெளியே வராமலேயே சாய்வைச் சமாளிக்கவும், தலைகீழாகக் கவிழ்ந்தால்கூட உள்ளிருந்தபடியே சுழன்று மேலே வரவும் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர் உள்ளே புகாதபடி, படகின் வாயோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் தோல் மேலாடையும் அவர்களுடைய கண்டுபிடிப்புதான்.

இதற்கான பயிற்சியில் ஒரு பகுதி தண்ணீரிலேயே கிடையாது என்பதுதான் ஆச்சர்யம். இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிய கயிற்றில் ஏறி உட்கார்ந்து, சுழன்று, சமநிலை பழகும் கயிற்று விளையாட்டு கிரீன்லாந்தில் இருக்கிறது. 1985-ல் அங்கே தொடங்கப்பட்ட கயாக் சங்கம் நடத்தும் தேசியப் போட்டியில் இந்தக் கயிற்று வித்தையும், கவிழ்ந்து சுழன்று எழும் வித்தைகளும் இன்றும் தனிப் பிரிவுகளாக இருக்கின்றன. துடுப்பு கைநழுவிப் போனாலும் வெறும் கையாலேயே சுழன்று எழுபவர்கள் உண்டு.

ஐரோப்பியர்கள் இதைக் கற்றது மிகத் தாமதமாகத்தான். ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹான்ஸ் பவ்லாட்டா, 1927-ல் இந்தச் சுழற்சியைச் செய்துகாட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் கிரீன்லாந்துக்குப் போன கினோ வாட்கின்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர், அங்குள்ள வேட்டைக்காரர்களிடமே அதைக் கற்றார். அவர் கதைக்குக் கடைசியில் வருவோம்.

முழுச் சுழற்சியைக் கற்க நாள்கள் ஆகும். அதற்கு முன், கவிழாமல் தடுக்கும் எளிய வித்தை ஒன்று இருக்கிறது. அதுதான் ‘லோ பிரேஸ்’.

லோ பிரேஸ்... ஆறு அடிகளில்!

துடுப்பின் இரு முனைகளிலும் இலைபோல் விரிந்திருக்கும் பகுதிக்கு பிளேடு என்று பெயர். படகு சாயும்போது அந்த பிளேடால் தண்ணீரைப் பட்டென்று அறைந்து, கிடைக்கும் ஒரு கணப் பிடிமானத்தில் இடுப்பால் படகை நேராக்குவதுதான் லோ பிரேஸ். வலப்பக்கம் சாய்வதாக வைத்துக்கொள்வோம்.

1. உட்காரும் முறை: முதுகு நேராக, துளி முன்னால் சாய்ந்திருக்கட்டும். பின்னால் சாய்ந்து சோபாவில் உட்காருவதுபோல் உட்கார்ந்தால் எந்த வித்தையும் வேலைக்கு ஆகாது. பாதங்கள் கால்தாங்கியில் பதிய, முழங்கால்கள் லேசாக மடங்கி வெளிப்பக்கம் விரிந்திருக்க வேண்டும். இடுப்பு தளர்வாக இருக்கட்டும்.

2. துடுப்பைப் பிடிக்கும் முறை: தோள் அகலத்தைவிடச் சற்று அதிக இடைவெளியில் இரண்டு கைகளாலும் பிடியுங்கள். துடுப்பு வயிற்றுக்கு முன்னால், தாழ்வாக இருக்கட்டும்.

3. முழங்கை மேலே: சப்பாத்தி தேய்க்கும்போது கட்டையை மேலிருந்து அழுத்துவோமே, அந்த நிலைதான். முழங்கைகள் துடுப்புக்கு மேலே, விரல் கணுக்கள் தண்ணீரைப் பார்த்தபடி. தண்டால் எடுக்கும்போது கைகள் தரையை அழுத்துவதுபோல என்றும் சொல்லலாம்.

4. அறையுங்கள்: வலது பிளேடை உங்கள் இடுப்புக்கு நேராக, படகிலிருந்து வெளிப்பக்கம் நீட்டி, அதன் பின்பக்கம் தண்ணீரில் தட்டையாகப் படும்படி அறையுங்கள். ‘பட்’ என்று சத்தம் வந்தால் சரி. ‘சளக்’ என்று உள்ளே இறங்கினால் பிளேடு சாய்வாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

5. முழங்காலைத் தூக்குங்கள்: அறைந்த அதே கணத்தில் தலையை வலது தோள் பக்கம் விடுங்கள். கண் அந்த பிளேடைப் பார்க்கட்டும். வலது முழங்காலையும் வலது இடுப்பையும் மேலே தூக்குங்கள். படகு தானாக நிமிரும். உடல் அதைத் தொடரும். தலை கடைசியாகத்தான் வர வேண்டும்.

6. உருவுங்கள்: படகு நேரானதும் பிளேடை அப்படியே மேலே இழுக்காதீர்கள். தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி உங்களைச் சாய்க்கும். மணிக்கட்டைச் சுழற்றி, கத்திபோல் விளிம்பு மேலே வரும்படி உருவி எடுங்கள்.

படிக்க ஆறு அடிகள். செய்ய ஒரு நொடிகூட ஆகாது. சைக்கிள் பழகும்போது ‘இப்படி வளை, அப்படித் திருப்பு’ என்று யோசித்தா ஓட்டினோம்? அதுபோல உடல் பழகிவிட்டால் மூளை யோசிக்கும் முன் கை அறைந்துவிடும்.

இதில் மறக்கக்கூடாத சூட்சுமம் ஒன்று: துடுப்பு உங்களைத் தாங்காது. அது வாங்கித்தருவது ஒரு கணம் மட்டுமே. துடுப்பின் மேல் எடையைப் போட்டுச் சாய்ந்தே இருந்தால் அது மூழ்கும், நீங்களும் மூழ்குவீர்கள். படகை நிமிர்த்துவது இடுப்பும் முழங்காலும்தான்.

சிட்-ஆன்-டாப் கயாக்கில் முழங்காலை அழுத்திப் பிடிக்க மேல்தளம் இருக்காது. அதனால் முழங்கால் தூக்கலின் பலன் குறைவு. ஆனாலும் அறைவது, தலையை விழும் பக்கம் விடுவது, இடுப்பைத் தளர்வாக வைப்பது மூன்றும் அங்கேயும் கைகொடுக்கும்.

எங்கே, எப்படிப் பழகலாம்?

முதலில் தரையில். ஒரு பாயில் கால் நீட்டி உட்கார்ந்து, நீளமான துடைப்பக் கம்பைத் துடுப்பாக வைத்துக்கொண்டு மேலே சொன்ன ஆறு அடிகளையும் செய்து பாருங்கள். வீட்டிலிருக்கும் குட்டீஸுக்கு இது நல்ல விளையாட்டு.

அடுத்து, பயிற்சியாளரோடு தண்ணீரில். நீச்சல் குளத்தின் விளிம்பையோ, இன்னொரு கயாக்கின் முனையையோ இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, படகை வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்த்து, கைக்குப் பலம் கொடுக்காமல் இடுப்பால் மட்டும் நிமிர்த்த வேண்டும். இடுப்பின் வேலை என்ன என்பது இந்தப் பயிற்சியில்தான் உடலுக்குப் புரியும்.

அதன்பிறகு, இடுப்புக்கு மேல் ஆழமுள்ள அசையாத தண்ணீரில், துடுப்போடு. அதைவிட ஆழம் குறைந்த இடம் வேண்டாம், கவிழ்ந்தால் தலை தரையில் மோதக்கூடும். முதலில் துளி சாய்வு, பிறகு கொஞ்சம் அதிகம். வலப்பக்கம் பத்து என்றால் இடப்பக்கமும் பத்து. வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இடப்பக்கத்தை விட்டுவிடுவார்கள். காற்றும் அலையும் எந்தப் பக்கமிருந்து வரும் என்று நம்மைக் கேட்டுக்கொண்டா வரும்?

முழங்கை துடுப்புக்குக் கீழே இருக்க, துடுப்பை உயர்த்திப் பிடித்து அறையும் ‘ஹை பிரேஸ்’ என்ற முறையும் உண்டு. பெரிய சாய்வுக்கு அது உதவும். ஆனால், கைகள் தோளுக்கு மேலேயோ பின்னாலோ போய்விட்டால் தோள்மூட்டு நழுவும் ஆபத்து இருக்கிறது. எனவே, புதியவர்கள் லோ பிரேஸை நன்றாகப் பழகிய பிறகு, பயிற்சியாளர் பார்வையில் மட்டும் அதைத் தொட வேண்டும்.

பயம் ஒரு பக்கம் இழுக்கும்... நீங்கள் மறுபக்கம் சாயுங்கள்!

கவிழும் சந்தர்ப்பங்களில் பெரும்பாலும் உள்ளுணர்வு தப்பாகத்தான் வழிகாட்டும். மூன்று உதாரணங்கள்:

அலை பக்கவாட்டில் வந்தால்: கரைக்குத் திரும்பும்போது அலை படகைக் குறுக்கே திருப்பிவிடும். அலையைப் பார்த்து பயந்து கரைப்பக்கம் சாய்வோம். அலை படகின் அடியில் புகுந்து புரட்டிவிடும். அலை வரும் பக்கமே சாய்ந்து, அந்த அலையின் மேலேயே லோ பிரேஸ் போட வேண்டும்.

பாறையிலோ தூணிலோ மோதினால்: ஓடும் நீரில் படகு குறுக்காகப் போய் மோதும்போது, தடையிலிருந்து விலகி நீர் வரும் பக்கம் சாய்வோம். நீரோட்டம் விளிம்பின் மேல் ஏறி அமுக்கிவிடும். பாறையைக் கட்டிப்பிடிப்பதுபோல் பாறைப் பக்கம்தான் சாய வேண்டும்.

கிளை தட்டினால்: சிதம்பரம் அருகே வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே விரிந்திருக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலும், ராமநாதபுரம் மாவட்டத்தின் காரங்காட்டிலும் குறுகலான வாய்க்கால்களில் கிளைகள் தாழ்ந்து தொங்கும். அவற்றைக் கையால் பிடித்து நிறுத்தத் தோன்றும். ஆள் நிற்பார், படகு போய்விடும்! பிடிக்காமல், முன்பக்கம் குனிந்து கடந்துவிடுங்கள்.

“எனக்கெல்லாம் பேலன்ஸ் வராது” என்று ஒதுங்குபவர்களுக்கு ஒரு பெயர்: பிராச்சி யாதவ். மத்தியப் பிரதேசம், குவாலியரைச் சேர்ந்தவர். கால்களைப் பயன்படுத்த முடியாத இவர், நீச்சலிலிருந்து கயாக்குக்கு வந்தார். டோக்கியோ பாராலிம்பிக்கில் பாரா கெனோ போட்டியில் பங்கேற்ற முதல் இந்தியர். 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டுப் போட்டியில் கயாக் பிரிவில் தங்கம் வென்றார். போட்டிக் கயாக்குகள் சுற்றுலாக் கயாக்குகளைவிடப் பல மடங்கு ஆட்டம் காட்டும். அவற்றைக் கால்களின் துணை இல்லாமல் நேராக நிறுத்துகிறார். சமநிலை பிறவி வரம் அல்ல, பழக்கம்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அப்படியும் கவிழ்ந்துவிட்டால்?

எவ்வளவு பழகினாலும் ஒருநாள் கவிழத்தான் செய்யும். அப்போது முதல் விதி, படகை விட்டு விலகாதீர்கள். கவிழ்ந்த படகும் மிதக்கும். தேடி வருபவர்களுக்குத் தண்ணீரில் ஒரு தலை தெரிவதைவிட படகு எளிதில் தெரியும். ‘கரை பக்கம்தான், நீந்திடலாம்’ என்ற கணக்கு பலமுறை பொய்த்திருக்கிறது. துடுப்பையும் விட வேண்டாம்.

சிட்-ஆன்-டாப் கயாக் என்றால், அடிப்பக்கத்தின் மேலே எட்டி மறு விளிம்பைப் பிடித்து இழுத்துத் திருப்புங்கள். பிறகு நடுப்பகுதிக்கு வந்து, கால்களை நன்றாக உதைத்து உடலைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து, வயிறு படகின் மேல் படும்படி ஏறிப் படுங்கள். பிறகு புரண்டு உட்காருங்கள். கடைசியாகக் கால்களை உள்ளே எடுங்கள். முதலில் வயிறு, அடுத்து உட்காரும் பகுதி, பிறகு கால். இந்த வரிசையை மாற்றினால் மறுபடி கவிழும்.

உள்ளே உட்காரும் கயாக் என்றால், தலைகீழாக இருக்கும்போது முன்பக்கம் குனியுங்கள். இடுப்பைச் சுற்றி நீர்த்தடுப்புத் துணி மாட்டியிருந்தால், அதன் முன்பக்க வளையத்தை முன்னோக்கி இழுத்துக் கழற்றி, கைகளை இடுப்பின் இரு பக்கமும் ஊன்றி உடலை வெளியே தள்ள வேண்டும். இதைப் பயிற்சியாளர் அருகிலிருக்கும்போது செய்து பழகாமல், அந்த வகைக் கயாக்கில் யாரும் ஆழத்துக்குப் போகக்கூடாது.

ஒருவர் கவிழ்ந்ததில் தொடங்கிய துயரம்

இங்கிலாந்தின் லைம் பே கடல் பகுதி. 1993 மார்ச் 22. பிளிமத் நகரப் பள்ளி ஒன்றின் எட்டு மாணவர்கள், ஓர் ஆசிரியர், இரண்டு பயிற்சியாளர்கள் என 11 பேர், லைம் ரெஜிஸ் என்ற ஊரிலிருந்து பக்கத்தில் இருக்கும் சார்மத்துக்குக் கயாக்கில் கிளம்பினார்கள். கரையோரமாகவே போகும் சிறிய பயணம்.

கிளம்பிய சிறிது நேரத்திலேயே ஆசிரியரின் கயாக் கவிழ்ந்தது. ஏற்றினார்கள். மறுபடி கவிழ்ந்தது. ஒரு பயிற்சியாளர் அவரோடு போராடிக்கொண்டிருக்க, மற்றவர் எட்டு மாணவர்களையும் ஒன்றாகச் சேர்த்து நிறுத்தினார். அதற்குள் காற்றும் நீரோட்டமும் மாணவர்களைக் கரையிலிருந்து வெகுதூரம் இழுத்துப் போய்விட்டன. கயாக்குகளில் தண்ணீர் நிரம்பி, ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. பதின்வயதுப் பிள்ளைகள் குளிர்ந்த கடலில் மணிக்கணக்கில் மிதந்தார்கள். கரையில் இருந்தவர்கள் தகவல் சொன்னதும் தாமதம், மீட்புக் குழு வந்துசேர்ந்ததும் தாமதம். நான்கு மாணவர்கள் உயிரிழந்தார்கள்.

பயணத்தை நடத்திய நிறுவனமும் அதன் நிர்வாக இயக்குநரும் நீதிமன்றத்தில் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் ஓயவில்லை. 1995-ல், சிறுவர்களுக்கான சாகசப் பயிற்சி மையங்களை ஒழுங்குபடுத்தும் தனிச்சட்டத்தை பிரிட்டன் கொண்டுவந்தது.

இந்தத் துயரத்தில் புயல் இல்லை, சுறா இல்லை. கயாக்கில் நேராக உட்காரப் பழகுவதற்கு முன் கடலுக்குப் போனதும், வழிகாட்டியவர்களுக்குப் போதிய அனுபவம் இல்லாததும், அவசரத்துக்கு அழைக்க வழியில்லாததும்தான் இருந்தன.

ஏறும் முன் ஐந்து கேள்விகள்

குடும்பத்தோடு கயாக் சவாரிக்குப் போகும்போது, கட்டணம் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல் இவற்றையும் கேளுங்கள்:

* லைஃப் ஜாக்கெட் அளவு சரியா? எல்லா பக்கிள்களையும் மாட்டிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுங்கள். தாடைவரை ஏறி வந்தால் அது பெரியது. குழந்தைகளுக்குப் பெரியவர்களின் ஜாக்கெட் கூடவே கூடாது.

* கூட வரும் வழிகாட்டி யார்? கவிழ்ந்தவரைத் தண்ணீரிலிருந்து படகில் ஏற்றத் தெரிந்தவரா? ஒருவரைக் காப்பாற்றும் நேரத்தில் மற்றவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள்?

* காற்று எந்தப் பக்கம் வீசுகிறது? அதிகாலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் கரையோரம் அமைதியாகத் தெரியும். ஆனால், அதுதான் படகைச் சத்தமில்லாமல் உள்ளே இழுத்துப்போகும். பகல் ஏற ஏறக் கடற்காற்று வலுத்து, தண்ணீர் அலையடிக்கத் தொடங்கும்.

* முகத்துவாரம் எவ்வளவு தூரம்? உப்பங்கழி கடலில் கலக்கும் இடத்தில், வற்றும் நேரத்தில் இழுப்பு பலமாக இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்று வெள்ளமும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

* கரையில் யாருக்குத் தெரியும்? எத்தனை பேர் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நீர் புகாத உறையில் போன், கழுத்தில் ஒரு விசில். இரண்டும் இருக்கட்டும்.

வித்தை தெரிந்தவரும் தனியாகப் போனார்

இப்போது கினோ வாட்கின்ஸ் கதைக்கு வருவோம். 1930-31-ல் கிரீன்லாந்தில் ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியபோது, உள்ளூர் வேட்டைக்காரர்களிடம் கயாக்கில் சுழன்று எழும் வித்தையைக் கற்றார். அந்தக் காலத்தில் அது தெரிந்த மிகச்சில ஐரோப்பியர்களில் ஒருவர். 1932-ல் மீண்டும் அங்கே போனார். ஆகஸ்ட் 20 அன்று குழுவினருக்கு உணவாகச் சீல் வேட்டையாட, கயாக்கில் தனியாகக் கிளம்பினார். பிறகு அவரைத் தேடிப்போன நண்பர்கள், தண்ணீரில் மிதந்த வெற்றுக் கயாக்கைக் கண்டார்கள். அவர் உடல் கிடைக்கவே இல்லை. வயது 25.

வித்தை தெரிந்திருப்பது பாதிப் பாதுகாப்பு. பக்கத்தில் ஓர் ஆள் இருப்பது மீதிப் பாதி.

அடுத்த முறை உங்கள் பிள்ளை “அப்பா, கயாக்!” என்று கைகாட்டினால், மறுக்க வேண்டாம். ஏறுவதற்கு முன் கரையிலேயே ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். துடுப்பைத் தாழப் பிடித்து, முழங்கையை உயர்த்தி, இரண்டு பக்கமும் பத்துப் பத்து முறை காற்றில் அறைந்து பழகுங்கள். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். தண்ணீரில் படகு முதன்முறை சாய்ந்து, நீங்கள் ‘பட்’ என்று அறைந்து, தலையைத் தூக்காமல் நிமிர்ந்து உட்காரும்போது, கரையில் வீடியோ எடுத்துக்கொண்டிருப்பவர் கைதட்டுவார்.